மலைப் படம் ஏன் சரியாக வரவில்லை? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

என் அக்கா மகள் கோடநாடு காட்சிமுனையிலிருந்து ஒரு படம் அனுப்பினாள். கூடவே ஒரு குரல் பதிவு: "மாமா, நேர்ல பார்த்தப்போ அந்த மலை அவ்வளவு பெருசா நின்னுச்சு. படத்துல ஏதோ மேடு மாதிரி இருக்கு. என் போன் சரியில்லையா?"

போன் நன்றாகத்தான் இருந்தது. உறவினர்களும் நண்பர்களும் ஊட்டி, கொடைக்கானல், வால்பாறை என்று போய்வந்து காட்டும் படங்களைப் பார்த்துக் குறை சொல்லும் வேலை சில வருடங்களாக என்னிடம் வந்து சேர்ந்திருக்கிறது. குறைகள் என்னவோ திரும்பத் திரும்ப அதே எட்டொன்பதுதான். அவற்றை இங்கே அறிகுறி வாரியாக எழுதுகிறேன். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத காரணம் முதலில் வரும், செலவு வைக்கும் காரணம் கடைசியில் வரும். உங்கள் படத்தில் எது தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேரே போகலாம்.

அதற்கு முன் எல்லோருக்கும் ஒரு வேலை. லென்ஸைச் சட்டைத் துணியால் அல்ல, கண்ணாடி துடைக்கும் மெல்லிய துணியால் துடைத்துவிட்டு இன்னொரு படம் எடுங்கள். போன் கேமராவில் வரும் குறைகளில் பல விரல் எண்ணெயால் வருபவை.

அறிகுறி 1: நேரில் பிரம்மாண்டம், படத்தில் மேடு

முதலில் எந்த லென்ஸில் எடுத்தீர்கள் என்று பாருங்கள். போனில் 0.5 என்று இருக்கிற லென்ஸ் எல்லாவற்றையும் உள்ளே இழுக்கும், இழுத்துத் தூரத்தில் தள்ளிவிடும். "முழுசா வரணும்" என்று அதைத் தொட்ட கணத்திலேயே மலை சிறுத்துவிடுகிறது. என் அக்கா மகள் செய்ததும் அதுதான். 1 அல்லது 2 என்ற எண்ணுக்கு மாற்றி, மலையின் ஒரு பகுதியை மட்டும் எடுத்துப் பாருங்கள். முழு மலையைவிட மலையின் ஒரு தோள் பெரிதாகத் தெரியும்.

அப்படியும் சரியாகவில்லையா? கால்களை நகர்த்த வேண்டும். நின்ற இடத்திலேயே ஜூம் செய்தால் மலையும் முன்னால் நிற்கிற மரமும் சேர்ந்தே பெரிதாகும். முப்பது அடி பின்னால் வந்து, மரம் பழைய அளவுக்கு வரும்வரை ஜூம் செய்தால் மரம் அப்படியே இருக்கும், மலை மட்டும் அதன் பின்னால் எழுந்து நிற்கும். இதை ஒருமுறை செய்து பார்த்தவர்கள் பிறகு 0.5 பக்கமே போவதில்லை.

அடுத்த சோதனை அளவுகோல். கொடைக்கானல் தூண்பாறை 122 மீட்டர் உயரம். அதைத் தனியாகப் பாறையை மட்டும் வெட்டி எடுத்தால் சாலையோரக் கல்லுக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. பார்க்கிறவருக்கு அளவு தெரிந்த ஒரு பொருள் படத்துக்குள் வேண்டும்: பாறையடியில் நிற்கும் காட்டு மரங்கள், ஒரு மனிதர், ஒரு வீட்டுக் கூரை. ஆனால் அந்த மனிதர் நம் அருகிலேயே நின்றால் பயனில்லை, அவர்தான் மலையைவிடப் பெரிதாகத் தெரிவார். மலைக்கு எவ்வளவு அருகில் இருக்கிறாரோ அவ்வளவு நல்லது.

அதற்கடுத்தது, நீங்கள் நிற்கும் உயரம். தொட்டபெட்டா உச்சியிலிருந்து எடுத்த படத்தில் எந்த மலையும் பெரிதாகத் தெரியாது. 2,637 மீட்டரில் நிற்கிறீர்கள், நீலகிரியில் அதைவிட உயரமாக எதிரே வந்து நிற்க ஒன்றுமே இல்லை. மலையின் உயரம் தெரிய அதன் அடிவாரம் படத்தில் தெரிய வேண்டும். கேத்தி மாதிரி ஒரு பள்ளத்தாக்குக்குள் இறங்கி அண்ணாந்து பாருங்கள், அதே மலைகள் வேறு ஆளாக நிற்கும்.

இவ்வளவும் செய்து, உங்களுக்கு வேண்டிய சிகரம் இன்னும் எட்டவில்லை என்றால்தான் தூரத்தை அருகே இழுக்கும் 70-200 அல்லது 70-300 மி.மீ. லென்ஸைப் பற்றி யோசிக்க வேண்டும். அப்போதும் முதலில் வாடகைக்கு எடுத்து ஒரு பயணம் போய்வாருங்கள். அந்த எடையைத் தோளில் சுமந்து நடக்க மனம் வருகிறதா என்பது அந்த இரண்டு நாளில் தெரிந்துவிடும்.

அறிகுறி 2: படம் வெளிறிக் கிடக்கிறது, பால் ஊற்றியது போல் மங்கல்

இங்கே வழி இரண்டாகப் பிரிகிறது. படத்தில் உங்களுக்கு மிக அருகில் இருக்கும் புல்லையோ கல்லையோ பாருங்கள்.

*அருகில் இருப்பதும் வெளிறியிருக்கிறது.* குறை லென்ஸின் முகத்தில் இருக்கிறது. சூரியன் நேராகவோ சாய்வாகவோ கண்ணாடியில் விழுகிறது. திரையைப் பார்த்துக்கொண்டே, உள்ளங்கையைச் சூரியனுக்கும் லென்ஸுக்கும் நடுவில் பிடியுங்கள். படம் சட்டென்று அழுத்தமானால் காரணம் பிடிபட்டது. தொப்பியே போதும், லென்ஸின் முன்னால் மாட்டும் மறைப்பு (லென்ஸ் ஹூட்) இருந்தால் இன்னும் நல்லது. அப்படியும் மாறவில்லை என்றால் லென்ஸின் மேல் மாட்டியிருக்கும் மலிவான பாதுகாப்பு ஃபில்டரைக் கழற்றிவிட்டு எடுத்துப் பாருங்கள்.

*அருகில் தெளிவு, தூரத்து மலை மட்டும் வெளிறல்.* இது காற்றின் வேலை. மாசி பிறந்து கோடை மழை வரும்வரை சமவெளியின் தூசியும் புகையும் மலை விளிம்பில் வந்து தேங்கி நிற்கும். அந்த மாதங்களில் மதியம் காட்சிமுனையில் நின்று தூரத்து மலையைத் தெளிவாக எடுக்க எந்தக் கேமராவாலும் முடியாது. மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலை எடுங்கள். குறிஞ்சித் திணைக்கு நம் முன்னோர் கூதிரையும் முன்பனியையும் பெரும்பொழுதாகக் குறித்து வைத்தார்கள். ஐப்பசி முதல் தை வரையான அதே நான்கு மாதங்களில், மழைக்கும் மழைக்கும் இடையே கிடைக்கும் வெறித்த காலைகளில்தான் மேற்குத் தொடர்ச்சி மலை கழுவிவைத்தாற்போல் தெரிகிறது. ஒவ்வொரு மார்கழியிலும் இதைப் பார்த்து எனக்கு அந்தப் பழம்புலவர்கள் மேல் அன்பு கூடுகிறது.

வேறு நாள் வர முடியாதவர்களுக்கு மூன்று வழிகள்:

1. தூரத்தை விடுங்கள். கண்ணுக்கு எதிரே இருக்கும் சரிவையும் சோலைக்காட்டையும் எடுங்கள்.

2. மங்கலையே படமாக்குங்கள். சூரியன் இருக்கும் பக்கம் திரும்பினால் மலை வரிசைகள் ஒன்றன்பின் ஒன்றாக, பின்னால் போகப் போக வெளுத்துக்கொண்டே தெரியும். 100 மி.மீ.க்கு மேல் ஜூம் செய்து நான்கு வரிசையை மட்டும் எடுங்கள். இந்த வகைப் படத்தில் பிறகு எடிட்டிங்கில் மங்கலை நீக்கப் போகாதீர்கள், படத்தின் உயிரே அந்த மங்கல்தான்.

3. போலரைசர் ஃபில்டர், அதாவது சிதறி வரும் வெளிச்சத்தைக் குறைக்கும் கண்ணாடி. சூரியனுக்குப் பக்கவாட்டில் இருக்கும் திசையில்தான் இது வேலை செய்யும். கட்டைவிரலைச் சூரியனை நோக்கி நீட்டி, ஆள்காட்டி விரலை அதற்குச் செங்கோணத்தில் வையுங்கள். மணிக்கட்டைத் திருப்பும்போது ஆள்காட்டி விரல் எங்கெல்லாம் காட்டுகிறதோ அங்கெல்லாம் பலன் உண்டு. மிக அகலமான லென்ஸில் மாட்டினால் வானத்தின் ஒரு பகுதி மட்டும் கருநீலமாகத் திட்டு விழும், அதில் வேண்டாம்.

எடிட்டிங்கில் மங்கலை நீக்கும் டீஹேஸ் என்ற அளவுகோலை 15, 20 வரை நகர்த்தலாம். அதைத் தாண்டினால் மலை விளிம்பில் கோடு போட்டதுபோல் ஒரு வெளிச்ச வளையம் வரும்.

அறிகுறி 3: வானம் வெள்ளைத் தாள், அல்லது மலை கரிக்கட்டை

வானத்தில் உண்மையிலேயே ஏதாவது இருந்ததா? முதல் கேள்வி இதுதான். வெறும் வெண்மேகப் போர்வை என்றால் அதைக் காப்பாற்ற ஒன்றுமில்லை. கேமராவைக் கீழே தாழ்த்தி, வானத்துக்கு ஒரு விரல் அகலம் மட்டும் கொடுங்கள். அல்லது வானமே இல்லாமல் எடுங்கள்.

நல்ல மேகம் இருந்தும் வெளுத்துவிட்டது என்றால், போனில் மேகத்தைத் தொட்டு, பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கீழே இழுங்கள். கேமராவில் வெளிச்ச அளவை ஒன்று அல்லது ஒன்றரை ஸ்டாப் (படி) குறைத்து, கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பாக எடுங்கள். இருண்ட மலையை எடிட்டிங்கில் தூக்கிவிடலாம். முழுதாக வெளுத்த வானத்திலிருந்து எதையும் மீட்க முடியாது. வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராம் வலது சுவரில் முட்டிக்கொண்டு நின்றால் இன்னும் குறைக்க வேண்டும் என்று பொருள்.

வித்தியாசம் மிக அதிகமாக இருந்தால், முக்காலியில் வைத்து வெளிச்ச அளவைக் கூட்டி, குறைத்து, நடுவில் என மூன்று படம் எடுத்துச் சேர்க்கலாம். பாதி கறுப்பு, பாதி தெளிவு என்று வரும் கிராஜுவேட்டட் ஃபில்டரை மலைக்கு நான் பரிந்துரைப்பதில்லை. கடலுக்கு அது சரி. மலையில் விளிம்பு ஏறி இறங்கும், ஃபில்டரின் கோடு சிகரத்தின் தலையையும் சேர்த்துக் கறுப்பாக்கும்.

அறிகுறி 4: எல்லாம் தெளிவு, ஆனால் மலை தட்டையாக ஒட்டிய அட்டை போல் இருக்கிறது

படம் எடுத்த நேரத்தைப் பாருங்கள். காலை 9-க்கும் மாலை 4-க்கும் நடுவே என்றால் அதுதான் காரணம். மலையின் மடிப்புகள் தெரிய நிழல் வேண்டும், நிழல் விழ வெளிச்சம் பக்கவாட்டில் சாய்ந்து வர வேண்டும்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். வெளிநாட்டுக் காணொளிகளைப் பார்த்துவிட்டு "பொன் வெளிச்சம் ஒரு மணி நேரம் இருக்கும்" என்று நிதானமாகத் தேநீர் குடித்துக்கொண்டிருப்பவர்கள் நம் மலைகளில் ஏமாந்துபோகிறார்கள். நாம் நிலநடுக்கோட்டுக்கு 10, 11 பாகை வடக்கே இருக்கிறோம். சூரியன் ஏறக்குறைய நேர் செங்குத்தாக ஏறுகிறது, மணிக்கு 14, 15 பாகை. உதித்து அரை மணி நேரத்துக்குள் அந்தச் செம்பொன் நிறம் போய்விடும். ஒன்றரை மணி நேரத்தில் நிழல்கள் சுருங்கிவிடும். இருட்டிலேயே இடத்துக்குப் போய், முக்காலியை விரித்து, சட்டகத்தை முடிவு செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

நேரம் சரி, இருந்தும் தட்டை என்றால் திசையைப் பாருங்கள். கொடைக்கானலின் கோக்கர்ஸ் வாக், தேனி மாவட்டத்துக் கொழுக்குமலை மாதிரி சமவெளியைப் பார்த்த கிழக்கு விளிம்புகளுக்குக் காலை வெயில்தான். மாலையில் சூரியன் மலைக்குப் பின்னால் போய்விடும், சரிவு முழுவதும் ஒரே நிழல். கேரளத்தைப் பார்த்த மேற்கு விளிம்புகளுக்கு இது தலைகீழ்.

கொழுக்குமலையில் ஒரு விடியலில் நாங்கள் இருபது பேர் வரிசையாகக் கிழக்கே பார்த்து நின்றோம். கீழே மேகக் கடல், அதன் மேல் சூரியன். எல்லோரும் அதையே எடுத்துக்கொண்டிருந்தோம். ஜீப் ஓட்டி வந்தவர் பின்னாலிருந்து, "சார், எல்லாரும் அந்தப் பக்கமே பார்க்கறீங்க. வெயில் பட்டதும் இந்தப் பக்கம் திரும்புங்க" என்றார். திரும்பினேன். எங்களுக்குப் பின்னால் இருந்த புல்சரிவில் ஒவ்வொரு மடிப்பும் செம்மண் நிறத்தில் எழுந்து, மடிப்புகளுக்கு நடுவே நீலநிழல் ஓடைபோல் இறங்கிக்கொண்டிருந்தது. அன்றைய படங்களில் இன்றும் நான் வைத்திருப்பது அந்த ஒன்றைத்தான். இந்த அறிகுறிக்கு நிபுணர் என்றால் உள்ளூர் ஓட்டுநரும் வழிகாட்டியும்தான். எந்தச் சரிவில் எப்போது வெயில் விழும் என்று அவர்களிடம் முந்தின நாளே கேட்டுவிடுங்கள்.

அறிகுறி 5: எல்லாம் இருக்கிறது, கண் எங்கேயும் நிற்கவில்லை

குறை சொல்லக் கடினமான படம் இதுதான். வெளிச்சம் நன்று, வண்ணம் நன்று, ஆனாலும் பார்த்த உடனே அடுத்ததற்குப் போய்விடத் தோன்றுகிறது.

படத்தைத் திரையில் கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுருக்குங்கள். எது முதலில் தெரிகிறது? நீங்கள் எடுக்க நினைத்ததா? என் நண்பர் ஒருவர் கோத்தகிரிப் பக்கம் எடுத்த தேயிலைச் சரிவுப் படத்தை இப்படிச் சுருக்கியபோது, தெரிந்தது மலையும் இல்லை, தேயிலையும் இல்லை. இடது மூலையில் ஒரு கொட்டகையின் மேல் இருந்த மஞ்சள் தண்ணீர்த் தொட்டி. பெரிதாகப் பார்த்தபோது அதை அவர் கவனிக்கவே இல்லை.

பிறகு படத்தின் ஒவ்வொரு பொருளையும் விரலால் மறைத்துப் பாருங்கள். மறைத்தும் படம் எதையும் இழக்கவில்லை என்றால் அது படத்துக்கு வேண்டாதது. அப்புறம் நான்கு ஓரங்களையும் ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள்: பாதி நுழைந்த கிளை, மின்கம்பி, யாருடையதோ தோள். கடைசியாக ஒட்டல்களைத் தேடுங்கள். அந்த நண்பரின் படத்தில் ஒரு சில்வர் ஓக் மரத்தின் நுனி, பின்னால் இருந்த சிகரத்தின் நுனியைச் சரியாகத் தொட்டுக்கொண்டிருந்தது. முன்னது எது பின்னது எது என்று கண்ணுக்குப் பிரிக்கத் தெரியவில்லை. அவர் இரண்டடி வலப்பக்கம் நகர்ந்திருந்தால் மரம் ஒதுங்கி, சிகரத்துக்குத் தனி வானம் கிடைத்திருக்கும். தண்ணீர்த் தொட்டியும் அதே இரண்டடியில் சட்டகத்துக்கு வெளியே போயிருக்கும்.

படத்தின் கீழ்ப்பாதி வெறும் புல்லாகக் கிடக்கிறதா? குத்துக்காலிட்டு உட்காருங்கள், ஒரு பூவோ பாறையோ முன்னால் எழுந்து வரும். அப்படி எதுவும் இல்லாத இடம் என்றால் ஜூம் செய்து கீழ்ப்பாதியை வெளியே விட்டுவிடுங்கள். முன்னால் கட்டாயம் ஏதாவது வேண்டும் என்று யாரோ சொல்லிக் கொடுத்து, எல்லாப் படத்திலும் ஒரு கல்லை வைக்கிறார்கள். மலைக்கும் அந்தக் கல்லுக்கும் சம்பந்தம் இருந்தால் வையுங்கள்.

அறிகுறி 6: ஏதோ சாய்ந்திருக்கிறது

மலையில் நம் கண்ணே ஏமாறும், சரிவைச் சமதளம் என்று நம்பிவிடும். கேமராவில் லெவல் கோட்டை இயக்கிவையுங்கள். எடுத்த படத்தைச் சரிசெய்யும்போது கட்டடச் சுவர், நேராக வளர்ந்த மரம் இவற்றைப் பாருங்கள். ஏரிக்கரையை நம்பாதீர்கள், கரை நம்மை விட்டு விலகிப் போனால் அது சாய்ந்துதான் தெரியும். பதிலாக, கரையில் ஒரு மரத்தையும் நீரில் அதன் பிம்பத்தையும் பாருங்கள். பிம்பம் மரத்துக்கு நேர் கீழே விழ வேண்டும்.

அறிகுறி 7: தேயிலை பிளாஸ்டிக் பச்சையாக இருக்கிறது

போனின் அமைப்பில் விவிட் மாதிரியான வண்ணக் கூட்டல் இருந்தால் அணையுங்கள். எடிட்டிங்கில் பச்சையைவிட மஞ்சளைக் குறைத்துப் பாருங்கள், இலையின் கூச்சல் பெரும்பாலும் மஞ்சளிலிருந்து வருவது. சரியாகிவிட்டதா என்று பார்க்க இலையைப் பார்க்கக் கூடாது, மண்பாதையையும் மனிதர் தோலையும் பாருங்கள். விடியலின் சிவப்பு வராமல் சாம்பலாக வந்திருந்தால் வண்ணச் சமநிலையைத் தீர்மானிக்கும் ஒயிட் பேலன்ஸ் ஆட்டோவில் இருந்திருக்கும். வெயில் படம் போட்ட குறிக்கு மாற்றுங்கள்.

அறிகுறி 8: கூர்மை இல்லை

படத்தைப் பெரிதாக்கி, கூர்மை எங்கே போனது என்று பாருங்கள். விடை அந்த இடத்தில் இருக்கிறது.

*எல்லா இடமும் ஒரே திசையில் இழுபட்டிருக்கிறது:* கை ஆடியது. 200 மி.மீ.யில் ஷட்டர் வேகம் 1/200 அல்லது அதற்கு மேல் வேண்டும். முக்காலி இருந்தும் ஆடினால் காற்று. நடுத்தண்டைக் கீழே இறக்கி, பையை அதில் தொங்கவிட்டு, இரண்டு வினாடி டைமரில் எடுங்கள். முக்காலியில் இருக்கும்போது லென்ஸின் ஆட்டத்தடுப்பை அணைத்துவிடுவது நல்லது.

*தூரத்து மலை மட்டும் நெளிநெளியாக இருக்கிறது:* வெயில் ஏறிய பிறகு எடுத்த கானல். எந்த லென்ஸும் இதைத் தீர்க்காது, விடியலில் வாருங்கள்.

*எல்லாமே லேசாக மழுங்கல்:* லென்ஸின் துளையை எஃப்/16, எஃப்/22 என்று மிகச் சிறிதாக மூடியிருப்பீர்கள். எஃப்/8-க்கும் எஃப்/11-க்கும் நடுவே வையுங்கள்.

*நடுவில் புகை படிந்தது போல்:* ஈரம். குளிரில் நின்ற கேமராவை வெதுவெதுப்பான அறைக்குள் கொண்டுவந்ததும் கண்ணாடி வியர்க்கும். வெளியிலேயே பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கிக் கட்டி உள்ளே எடுத்துவந்து, அறைச் சூட்டுக்கு வரும்வரை பையைத் திறக்காதீர்கள்.

*எப்போதும் ஒரே பக்கம் மட்டும் மங்கல்:* செங்கல் சுவரை நேராக நின்று முக்காலியில் வைத்து எடுங்கள். அதிலும் அதே பக்கம் மங்கலாக வந்தால் லென்ஸ் உள்ளே நகர்ந்திருக்கிறது. இதற்கு மேல் வீட்டில் செய்ய ஒன்றுமில்லை, சர்வீஸ் மையம்தான்.

*வானத்தில் எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் கரும்புள்ளி:* சென்சாரில் தூசி. எஃப்/16-இல் வெள்ளைச் சுவரை எடுத்தால் எண்ணிவிடலாம். ரப்பர் ஊதுகுழலால் கேமராவைத் தலைகீழாகப் பிடித்து ஊதுங்கள். வாயால் ஊதக் கூடாது, எச்சில் தெறித்தால் வேலை இரட்டிப்பாகும். இரண்டு முறை ஊதியும் போகவில்லை என்றால் சர்வீஸுக்குக் கொடுங்கள்.

*எல்லாப் படமும் வருடாவருடம் கொஞ்சம் கொஞ்சமாக மங்கிக்கொண்டே வருகிறது:* லென்ஸின் பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்து, முன்பக்கம் வழியே பாருங்கள். சிலந்தி இழை போல் தெரிந்தால் பூஞ்சை. மலை ஈரத்தில் நனைந்த பையை அப்படியே அலமாரியில் வைத்தால் வருவது. நீங்களே கழற்றாதீர்கள். சர்வீஸில் கொடுக்கும் முன் பூஞ்சை கண்ணாடியின் பூச்சை அரித்திருக்கிறதா என்று கேளுங்கள். அரித்திருந்தால் சுத்தம் செய்தாலும் தடம் நிற்கும், அந்தச் செலவு வேண்டுமா என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

அறிகுறி 9: யாரிடம் காட்டினாலும் "சூப்பர்" என்றுதான் சொல்கிறார்கள்

இதுவும் பிழைதான், படங்கள் முன்னேறாமல் நிற்பதற்குப் பெரிய காரணம் இதுதான். இருபது படத்தை ஒன்றாகக் காட்டினீர்களா? ஒன்றை மட்டும் காட்டுங்கள். "எப்படி இருக்கு?" என்று கேட்டீர்களா? "கண் முதலில் எங்கே போச்சு, அப்புறம் எங்கே போச்சு?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். விடிகாலை மூன்று மணிக்கு எழுந்தது, அட்டை கடித்தது எல்லாம் படத்துக்குள் இல்லை. சொன்னால் பார்க்கிறவர் உங்கள் உழைப்புக்கு மதிப்பெண் போட்டுவிடுவார்.

உங்களிடம் ஒருவர் படத்தைக் காட்டினால், கண் போன வழியைச் சொல்லுங்கள், பிறகு அது சிக்கிய இடத்தை. மாற்றம் ஒன்றே ஒன்று சொல்லுங்கள். அது மேசையில் தீர்வதா, இல்லை திரும்ப மலைக்குப் போய்த்தான் தீருமா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கேட்காமல் அடுத்தவர் படத்தை வெட்டிக் காட்டாதீர்கள்.

ஆறு மாதம் இப்படிச் செய்தும் அதே குறை வருகிறது என்றால் பத்துப் படத்தை அஞ்சலட்டை அளவில் அச்சடித்து, பல காலம் ஸ்டுடியோ நடத்திய ஒருவரிடமோ உங்கள் ஊர்ப் புகைப்படக் கழகத்திலோ மேசையில் பரப்பிவையுங்கள். திரையில் ஒவ்வொன்றாகப் பார்க்கும்போது மறைந்திருக்கும் பழக்கம், பத்தையும் சேர்த்துப் பார்க்கும்போது வெளியே வந்துவிடும். எனக்கு அப்படித்தான் தெரிந்தது: என் பத்துப் படத்தில் எட்டில் சிகரம் நட்டநடுவில் நின்றது.

என் அக்கா மகள் போன தையில் மறுபடி கோடநாடு போனாள். இந்த முறை வந்த படத்தில் மலையின் ஒரு தோள் மட்டும் இருந்தது, பக்கவாட்டு வெயிலில். கீழே வேலிக்கம்பியைப் பிடித்தபடி ஒரு பெரியவர் சிறியதாக நின்றுகொண்டிருந்தார். கூடவே குரல் பதிவு: "மாமா, கண்ணு முதல்ல எங்க போச்சு?"

அந்தப் பெரியவரிடம் போனது, அங்கிருந்து மேலே ஏறியது, மலையுச்சியில் படத்தின் ஓரம் இடித்து நின்றது. மேலே இன்னும் ஒரு விரல் வானம் விட்டிருக்கலாம் என்று எழுதி அனுப்பினேன்.